அண்ணன் கொண்டுவந்த கடிதம்

என் தம்பி உயர்நிலை மூன்றில் படித்தபோது, ஆண்டின் நடுவில் பள்ளிக்குப் போவதை நிறுத்திவிட்டான். அப்போது அவனுக்கு வயது 15. முதலில் வயிற்றுவலி என்றான். பிறகு தலைவலி என்றான். அதன்பின் காரணம் சொல்வதையும் விட்டுவிட்டான். இரவெல்லாம் விழித்திருப்பான். பகலில் போர்வைக்குள் சுருண்டு கிடப்பான். தீபாவளிச் சாமான் வாங்கத் தேக்காவுக்குப் போன இடத்தில் உறவினர் ஒருவர் அவனைப் பற்றி விசாரித்தார். அம்மா சற்றும் தயங்காமல் டெங்கி என்று சொல்லிவிட்டார். டெங்கி என்றால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை.

வீட்டுக்குள்ளும் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தோம். அப்பா கைப்பேசியைக் குற்றம் சொன்னார். பாட்டி கண்ணேறு என்றார். நான் சோம்பல் என்றேன், அதுவும் அவன் காதில் விழும்படி. அதன் பிறகு அவன் என்னிடம் பேசவில்லை.

பள்ளி ஆலோசகர்தான் எங்களை மருத்துவரிடம் அனுப்பிவைத்தார். நாங்கள் போகவேண்டிய இடத்தின் பெயர் சிறார் வழிகாட்டு மருந்தகம். பெயரில் ‘மனநோய்’ என்ற சொல் இல்லை என்பதில் அம்மாவுக்கு நிம்மதி. எனக்கோ ஒரு கேள்வி. மருத்துவம் பார்க்கும் இடத்துக்கு வழிகாட்டு என்று யார் பெயர் வைத்தது, ஏன் வைத்தார்கள்? விடை தேடிப் போனபோது கிளிஃபர்ட் பியர்ஸ் என்ற அமெரிக்கரிடம் போய்ச் சேர்ந்தேன். அவர் மருத்துவர் அல்லர். நோயாளி.

வகுப்பில் கேள்வி கேட்காதீர்கள்

கிளிஃபர்ட் விட்டிங்கம் பியர்ஸ் 1876 மார்ச் 30ஆம் தேதி அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள நியூ ஹேவன் நகரில் பிறந்தார். படிப்பில் மோசமில்லை. நண்பர்களும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அவர் சாதாரணப் பையன்.

1894இல் அவருடைய அண்ணன்மார்களில் ஒருவருக்குத் திடீரென்று வலிப்பு வந்தது. அன்றைய மருத்துவத்தால் அதைத் தடுக்க முடியவில்லை. 18 வயது கிளிஃபர்ட், அண்ணன் துடிப்பதை அருகிலிருந்து பார்த்தார். அண்ணனுக்கு வந்தது தனக்கும் வரும் என்ற அச்சம் அவர் மனத்தில் விழுந்தது. வலிப்பு ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதில்லை. யாரிடமாவது கேட்டிருந்தால் அதைச் சொல்லியிருப்பார்கள். அவர் கேட்கவில்லை.

அதே அச்சத்துடன் யேல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். வகுப்பில் எழுந்து பதில் சொல்லும்போது எல்லார் முன்னாலும் வலிப்பு வந்துவிடுமோ என்று நடுங்கினார். ஒருநாள் பொறுக்க முடியாமல், பேராசிரியர்களைத் தனித்தனியே பார்த்து, தம்மை வகுப்பில் கேள்வி கேட்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நரம்புத் தளர்ச்சி என்று மட்டும் சொன்னார். அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். அந்தச் சிறிய சலுகையின் உதவியால் 1897இல் பட்டம் பெற்றார்.

இந்தப் பகுதியைப் படித்தபோது என் தம்பியின் வயிற்றுவலி நினைவுக்கு வந்தது. ஆங்கில வகுப்பில் வாய்மொழிப் படைப்பு இருந்த நாள்களில்தான் அது அதிகமாக வந்தது என்பதை நாங்கள் பிற்பாடுதான் கணக்குப் பார்த்தோம். கிளிஃபர்டின் பேராசிரியர்களுக்குத் தெரிந்த அளவுகூட அவர் வீட்டாருக்குத் தெரியாது. ஆறு ஆண்டுகள் அவர் அந்த அச்சத்தை வீட்டுக்குள்ளேயே மறைத்து வைத்திருந்தார்.

1900ஆம் ஆண்டு ஜூன் மாதம், 24 வயதில், அது அவரை மீறிப்போனது. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். காயங்களுடன் பிழைத்தார். அவர் அஞ்சிய வலிப்பு கடைசிவரை அவருக்கு வரவே இல்லை.

798 நாள்கள்

காயம் ஆறியது. மனம் ஆறவில்லை. அடுத்த மூன்றாண்டுகளில் இரண்டு தனியார் மருத்துவமனைகளிலும் ஓர் அரசாங்க மருத்துவமனையிலும் அவர் இருந்தார். தம்மைச் சுற்றி இருப்பவர்கள் அனைவரும் வேவு பார்ப்பவர்கள் என்று நம்பினார். செய்யாத குற்றத்துக்குத் தம்மைத் தண்டிக்கச் சாட்சியம் திரட்டுகிறார்கள் என்று நினைத்தார். பெரும்பாலும் யாரிடமும் பேசவில்லை.

இதில் கொடுமை என்னவென்றால், அவரைப் பார்க்க வந்த சொந்தக் குடும்பத்தினரையும் அவர் நம்பவில்லை. அம்மாவைப் போல, அண்ணனைப் போல வேடமிட்ட துப்பறிவாளர்கள் என்றே எண்ணினார். அண்ணன் ஜார்ஜ்தான் அவருக்குச் சட்டப்படி பொறுப்பாளர். செலவு, மருத்துவமனை மாற்றம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டவர். அவர் வரும்போதெல்லாம் தம்பி வாயை மூடிக்கொள்வார். ஜார்ஜ் திரும்பிப் போவார். மீண்டும் வருவார்.

இரண்டு ஆண்டுகள் தாண்டிய பிறகு, 1902 ஆகஸ்டில், கிளிஃபர்ட் ஒரு சோதனை வைத்தார். ஊருக்குள் போய்வர அனுமதி பெற்றிருந்த சக நோயாளி ஒருவரிடம், நியூ ஹேவன் முகவரிப் புத்தகத்தில் ஜார்ஜின் பெயர் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். இருந்தது, வழக்கமான முகவரியிலேயே. அந்த முகவரிக்கு ஒரு கடிதம் எழுதினார். அத்தனை மாதங்களில் அவர் எழுதிய முதல் கடிதம் அது. அடுத்த முறை பார்க்க வரும்போது இந்தக் கடிதத்தையே கையோடு கொண்டுவர வேண்டும் என்று அதில் கேட்டிருந்தார்.

அவருடைய கணக்கு எளிமையானது. வருபவர் போலி என்றால், உண்மையான அண்ணனுக்குப் போன கடிதம் அவரிடம் இருக்காது.

ஆகஸ்ட் 30ஆம் தேதி ஜார்ஜ் வந்தார். சட்டைப்பையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்துக் காட்டினார். அந்த நொடியில் தம்பிக்கு அண்ணன் திரும்பக் கிடைத்தார். இருண்ட காலம் 798 நாள்கள் நீடித்ததாகக் கிளிஃபர்ட் பின்னர் கணக்கிட்டு எழுதினார்.

அண்ணன் வாதாடித் தம்பியின் சந்தேகத்தைப் போக்கவில்லை. நான்தான் உன் அண்ணன், ஏன் நம்பமாட்டேன் என்கிறாய் என்று கேட்டுக் கேட்டுத் தோற்றிருக்கலாம். தம்பி கேட்ட ஒன்றை, கேட்டபடியே செய்தார். அதற்குமுன், பதில் வராத இரண்டு ஆண்டுகளும் வந்துகொண்டே இருந்தார். அப்படி வந்திராவிட்டால் கடிதத்தை எடுத்துக்கொண்டு வரவும் ஆள் இருந்திருக்காது.

தம் பெயரிலேயே எழுதினார்

கதை இங்கே சுபமாக முடிந்துவிடவில்லை. மனச்சோர்வு விலகியதும் மனம் எதிர்த்திசையில் ஓடத் தொடங்கியது. ஓய்வில்லாத உற்சாகம், ஓயாத பேச்சு, இரவு பகலாக எழுத்து. காகிதம் போதாமல் பொட்டலம் கட்டும் தாள்களை ஒட்டி எழுதினார். மருத்துவமனை ஊழியர்களுடன் சண்டை வந்தது. கைகளைக் கட்டும் அங்கியில் பல இரவுகளைக் கழித்தார். குளிரும் இருட்டுமான அறையில் அடைக்கப்பட்டார். அடியும் வாங்கினார். மற்ற நோயாளிகள் அடிபடுவதையும் பார்த்தார். மாநில ஆளுநருக்கு இரகசியமாகக் கடிதம் அனுப்பி, பதிலும் பெற்றார்.

1903 செப்டம்பரில் வெளியே வந்து மீண்டும் வேலைக்குப் போனார். 1905இன் தொடக்கத்தில் அந்த அளவுமீறிய உற்சாகம் திரும்பவும் தலைகாட்டியது. இம்முறை யாரும் அவரை இழுத்துச் செல்லவில்லை. வீட்டாருடன் பேசிவிட்டுத் தாமாகவே மருத்துவமனையில் சேர்ந்து, சிறிது காலம் தங்கித் திரும்பினார். நோய் திரும்பி வந்ததை அவர் தோல்வியாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐந்து ஆண்டுகளுக்குமுன் அச்சத்தை மறைத்த அதே மனிதர், இப்போது தம் மனநிலை மாறுவதைத் தாமே கவனித்து உதவி கேட்டார். அவர் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

1908இல் தம் அனுபவங்களை நூலாக வெளியிட்டார். புனைபெயர் வைத்துக்கொண்டிருக்கலாம். வேலை, திருமணம், மரியாதை எல்லாமே பணயம். என்றாலும் சொந்தப் பெயரிலேயே வெளியிட்டார். புகழ்பெற்ற உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் அதற்கு ஆதரவுக் கடிதம் தந்தார். மனநல மருத்துவர் அடால்ஃப் மேயர், நூலோடு நின்றுவிடாமல் ஓர் இயக்கம் தொடங்க வழிகாட்டினார். அதே ஆண்டு மே 6ஆம் தேதி கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு மனநலச் சங்கம் உருவானது. 1909இல் அது தேசியக் குழுவாக வளர்ந்தது. தொடக்க ஆண்டுகளில் போதிய நிதி இல்லை. கடன் வாங்கித்தான் பியர்ஸ் நடத்தினார்.

குழந்தை மட்டும் நோயாளி அல்ல

அதுவரை மனநல மருத்துவம் என்றால் மதில் சுவரும் பூட்டிய கதவும்தான். 1913இல் நியூ ஹேவனில், வீட்டிலிருந்தே வந்து சிகிச்சை பெற்றுத் திரும்பும் மருந்தகம் ஒன்று பியர்ஸின் முயற்சியால் தொடங்கியது. அமெரிக்காவில் அவ்வகையில் அதுவே முதலாவது என்பார்கள்.

அடுத்த படி இளையர்களுக்கானது. சிக்காகோவில் 1909 முதல் மருத்துவர் வில்லியம் ஹீலி, நீதிமன்றத்துக்கு வந்த சிறுவர்களின் மனநிலையை ஆராய்ந்து வந்தார். 1922 முதல், காமன்வெல்த் நிதியம் என்ற அறக்கட்டளையின் பணத்தில், பியர்ஸின் தேசியக் குழு அமெரிக்காவின் பல நகரங்களில் மாதிரி மருந்தகங்களைத் தொடங்கியது. அவற்றுக்குச் சூட்டிய பெயர்தான் சிறார் வழிகாட்டு மருந்தகம். நான் தேடிய விடை அதுதான்.

அந்த மருந்தகங்களில் மூவர் சேர்ந்து வேலை செய்தார்கள். மனநல மருத்துவர் பிள்ளையிடம் பேசுவார். உளவியலாளர் சோதனைகள் நடத்துவார். சமூக சேவையாளர் வீட்டையும் பள்ளியையும் போய்ப் பார்ப்பார். பிறகு மூவரும் ஒன்றாக உட்கார்ந்து பேசுவார்கள். பிள்ளையைத் தனியாகக் குணப்படுத்தி, மாறாத வீட்டுக்குத் திருப்பி அனுப்புவதில் பயனில்லை என்பது அவர்கள் கண்டுகொண்ட உண்மை.

அந்த இயக்கத்திலும் ஒரு குறை இருந்தது. வீட்டைப் பார்க்கப் போனவர்கள், பல நேரம் தாயைத்தான் குற்றவாளியாகக் கண்டார்கள். அதிகம் கொஞ்சினாலும் தாய் தவறு, கண்டித்தாலும் தாய் தவறு. மனநோய்க்கு மரபு, மூளை, சூழல், அனுபவம் என்று பல காரணங்கள் கூடுகின்றன என்பது தெளிவாகத் தெரிய நீண்ட காலம் பிடித்தது. இன்று குடும்பத்தை அழைப்பது பழி சுமத்த அல்ல, துணை சேர்க்க.

இதை நான் நேரில் பார்த்தேன். முதல் சந்திப்பில் அம்மா கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி, எதற்கோ தண்டனை வாங்கப்போகிறவர் போல உட்கார்ந்திருந்தார். சமூக சேவையாளர் தம்பியைப் பற்றிக் கேட்டு முடித்துவிட்டு, அம்மா இரவில் தூங்குகிறாரா என்று விசாரித்தார். அத்தனை மாதங்களில் யாரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை, நான் உட்பட. அம்மா அங்கேயே அழுதுவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் டெங்கி என்ற சொல் வரவில்லை.

தேக்காவில் ஒரு காப்பகம்

சிங்கப்பூருக்கும் இதில் பழைய கதை உண்டு. தொடக்கத்தில் மனநோயாளிகளை இங்கே சிறையில்தான் வைத்தார்கள். 1841இல் பிராஸ் பாசா சாலையும் பென்கூலன் ஸ்திரீட்டும் சந்திக்கும் இடத்தில் அவர்களுக்கென ஒரு மருத்துவமனை கட்டப்பட்டது. 1860களில் அது கண்டாங் கெர்பாவ் வட்டாரத்துக்கு இடம்பெயர்ந்தது. அதாவது, நாம் இன்று தோசை சாப்பிடவும் பூமாலை வாங்கவும் போகும் தேக்காவின் பக்கத்திலேயே மனநோயாளிகளின் காப்பகம் இருந்தது. 1887இல் காலேஜ் ரோட்டுக்கும், 1928இல் இயோ சூ காங் ரோட்டுக்கும் மாறியது. 1951இல் உட்பிரிட்ஜ் மருத்துவமனை என்ற பெயர் வந்தது. 1993இல் புவாங்கோக்கில் மனநலக் கழகமாக எழுந்தது. ஒவ்வொரு முறையும் இடமும் பெயரும் மாறின. வெட்கம் மட்டும் மாறாமல் கூடவே வந்தது. உட்பிரிட்ஜ் என்ற பெயரைச் சொல்லிப் பிள்ளைகளை மிரட்டியதும் கேலி செய்ததும் என் பெற்றோர் தலைமுறைக்கு நன்றாக நினைவிருக்கிறது.

இளையர்களுக்கான சிறார் வழிகாட்டு மருந்தகம் 1970இல் இங்கு வந்தது. 2007இல் ‘ரீச்’ என்ற திட்டம் தொடங்கி, மருத்துவர், உளவியலாளர், தாதியர், சமூக சேவையாளர் அடங்கிய குழுக்கள் பள்ளி ஆலோசகர்களுக்குத் துணை நிற்கின்றன. 2009இல் வந்த ‘சேட்’, 16 முதல் 30 வயது வரையிலானோர்க்கு ஆர்ச்சர்ட் வட்டாரத்தில் மனநல மதிப்பீடு செய்து தருகிறது. மருத்துவமனை வாசலை மிதிக்கத் தயங்குபவர்கள் கடைத்தொகுதிக்குப் போவதுபோல் போய்வரலாம்.

இந்தியாவிலும் இதே எண்ணம் வேறு வடிவில் வேரூன்றியது. 1950களில் அமிர்தசரசில் மருத்துவர் வித்யா சாகர், நோயாளியுடன் குடும்பத்தினரையும் மருத்துவமனை வளாகத்தில் கூடாரமடித்துத் தங்கவைத்தார். வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி, 1957இல் பாகாயத்தில் தொடங்கிய மனநல மையத்தில், உறவினர் உடன் தங்குவதைச் சிகிச்சையின் பகுதியாகவே ஆக்கியது. ஜார்ஜ் விடாமல் செய்த அந்தப் பயணங்களுக்கு இங்கே ஒரு பாயும் அடுப்பும் கிடைத்தன என்று வைத்துக்கொள்ளலாம்.

உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் ஒரு கணக்கை நாம் மறக்கக்கூடாது. மனநலப் பிரச்சினைகளில் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குமுன்பும், பாதி 18 வயதுக்குமுன்பும் தொடங்கிவிடுகின்றன. கிளிஃபர்டுக்கு அச்சம் தொடங்கிய வயது 18. உதவி வந்து சேர்ந்தது 24இல். அந்த ஆறு ஆண்டு இடைவெளியைக் குறைப்பதுதான் பள்ளி ஆலோசகர் முதல் மருந்தகம் வரை எல்லாருடைய வேலையும்.

இரயிலில் பேசாமல் வந்தவன்

பியர்ஸ் 1939இல் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். மனச்சோர்வு மீண்டும் வந்தது. இறுதி ஆண்டுகளை ரோட் ஐலண்ட் மாநிலத்து மருத்துவமனை ஒன்றில் கழித்து, 1943 ஜூலை 9ஆம் தேதி அங்கேயே காலமானார். இதை மறைத்துவிட்டு வெற்றிக்கதையாக எழுதியிருக்கலாம். ஆனால் அது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. நோய் வந்து போய் வந்த ஒரு வாழ்க்கையில், இடையில் கிடைத்த முப்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளில் அவர் செய்தவைதான் இவ்வளவும். அவர் மறைந்து பத்து ஆண்டுகள் கழித்து, 1953இல், அமெரிக்க மனநலச் சங்கம் நோயாளிகளைக் கட்டிவைத்திருந்த சங்கிலிகளையும் விலங்குகளையும் சேகரித்து, உருக்கி, 300 பவுண்டு எடையுள்ள மணியாக வார்த்தது.

என் தம்பியும் ஒருநாள் ஒரு சோதனை வைத்தான். மூன்றாவது சந்திப்புக்கு முந்தைய இரவு, என் அறைக் கதவின் அடியில் ஒரு தாள் வந்து விழுந்தது. நாளைக்கு அம்மா வேண்டாம், நீ வா, ஆனால் இரயிலில் எதையும் கேட்காதே என்று எழுதியிருந்தான். சோம்பேறி என்று நான் சொன்ன பிறகு அவனிடமிருந்து எனக்கு வந்த முதல் வார்த்தைகள் அவை.

ஹவ்காங்கில் ஏறினோம். கேட்க வேண்டும் என்று எனக்குள் ஆயிரம் கேள்வி. லிட்டில் இந்தியா நிலையத்தில் கூட்டமாகத் தமிழ்க் குரல்கள் ஏறியபோது, தெரிந்தவர் யாரும் இருப்பார்களோ என்று அவன் தொப்பியை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டான். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஊட்ரம் பார்க் வரை ஒரு வார்த்தையும் பேசவில்லை. திரும்பி வரும் வழியில், பொத்தோங் பாசிர் தாண்டியதும், பசிக்கிறது என்று அவனாகவே சொன்னான்.

பியர்ஸைப் பற்றிப் படித்தது அதற்குச் சில வாரங்கள் கழித்துத்தான். ஜார்ஜ் சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்த இடத்துக்கு வந்தபோது, அந்தத் தாளை நான் எங்கே வைத்தேன் என்று தேடினேன். இன்னும் வைத்திருக்கிறேன்.

தம்பி ஓராண்டு தாமதமாகச் சாதாரண நிலைத் தேர்வு எழுதினான். மருந்தும் ஆலோசனையும் தொடர்ந்தன. நடுவில் ஒருமுறை பழையபடி படுத்துக்கொண்டபோது எல்லாரும் பயந்துபோனோம். ஆனால் இரண்டாவது வாரமே அவனாக மருந்தகத்துக்குத் தொலைபேசியில் அழைத்து, சந்திப்பை முன்கூட்டியே மாற்றிக்கொண்டான். இப்போது தொழிற்கல்லூரியில் படிக்கிறான். இதை எழுதலாமா என்று கேட்டபோது, பெயர் போடாமல் எழுது என்றான். பியர்ஸ் தம் பெயரிலேயே எழுதினாரே என்று சொல்லிப் பார்த்தேன். அவருக்கு அப்போது 32 வயது, எனக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்றான்.

இதைப் படிக்கும் இளையர்களில் யாராவது வயிற்றுவலி என்று சொல்லிக்கொண்டிருந்தால், உண்மைக் காரணத்தை ஒரே ஒருவரிடமாவது சொல்லுங்கள். பள்ளி ஆலோசகரிடம் சொல்லலாம். தேசிய மனநல உதவி எண் 1771, சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கம் 1767, மனநலக் கழகம் 6389 2222 ஆகியவை நாள் முழுவதும் இயங்குகின்றன. பெற்றோரும் உடன்பிறந்தோரும் அதே எண்களை அழைக்கலாம். பிள்ளை பேசும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டிய அவசியமில்லை.